காணாக்கடிக்கு உங்களுக்கு எந்த மருந்து கேட்டது?

பாம்பன் பாசிக்காரி:

போன வருஷம் ஐப்பசியில் வாடை எடுத்ததிலிருந்து தை முடியும்வரை காணாக்கடியால், அதாவது எது கடித்தது என்றே தெரியாமல் தோல் அரித்துத் தடிக்கிற வியாதியால், நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். இதே மாதிரி வந்தவர்கள் உங்களுக்கு எது கேட்டது, எது கேட்கவில்லை என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் அம்மாவோடு தென்கடலில் பாசி எடுக்கப் போகிறவள். சின்ன வயசிலிருந்தே விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கியிருக்கிறேன், கடல் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதே இல்லை. அன்றைக்குக் கரையேறி ஈரச் சேலையோடு காற்றில் நின்றபோது முழங்கைக்குக் கீழே அரிக்க ஆரம்பித்தது, சொறியச் சொறிய வட்ட வட்டமாகத் தடித்தது, வீட்டுக்கு வந்து சேலை மாற்றி அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிட்டது. பாசிக்குள் இருந்த பூச்சி எதுவோ கடித்துவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். மறுநாளும் வந்தது. அப்புறம் விடிகாலையில் வாசல் தெளிக்கப் போனாலே வந்தது, அப்போது பாசியும் இல்லை, பூச்சியும் இல்லை.

அம்மா அவளுக்குத் தெரிந்த கைவைத்தியம் எல்லாம் செய்தாள். ஓமத்தை இடித்துப் பழைய கருப்பட்டியில் பிசைந்து சுண்டைக்காய் அளவு காலையும் மாலையும் கொடுப்பாள், வெற்றிலையில் நாலு மிளகு வைத்து மெல்லச் சொல்லுவாள், ராத்திரி அரிப்பு தாங்காவிட்டால் கம்பளியை அனலில் காட்டிச் சூடாகத் தேய்ப்பாள். உண்மையைச் சொன்னால் அந்தச் சூட்டுக்கு அரிப்பு அடங்கத்தான் செய்தது. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒன்றரை மாதம் ஓட்டிவிட்டேன்.

மார்கழியில் ஒருநாள் முங்கி எழுந்தபோது உடம்பு முழுக்கத் தடித்துவிட்டது. உதடு வீங்கியது, தலை சுற்றியது, மூச்சு இழுத்துக்கொண்டது. அண்ணிதான் என்னைப் பிடித்து வல்லத்தில் ஏற்றினாள். அவள் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கரைக்கு வந்ததும் அம்மா வெற்றிலையும் மிளகும் தேடினாள், அண்ணன் அதைக் காதில் வாங்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

அடுத்த வாரம் தோல் டாக்டர் ஒரு ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் பையில் போட்டு முன்கையில் ஐந்து நிமிஷம் வைத்தார். எடுத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார், தோல் மறுபடி சூடேறும்போது அந்தக் கட்டி இருந்த அளவுக்கே ஒரு தடிப்பு எழும்பியது. குளிர்ச்சிதான் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது. குளிர்ந்த தண்ணீரில் உடம்பு முழுக்க நனைவது இந்த வியாதிக்காரர்களுக்கு உயிருக்கே ஆபத்து என்றார், தினம் ஒரு அலர்ஜி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரையோடு ஆயுர்வேதமும் பார்க்கலாம் என்று ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் அம்மாவிடம் போனேன். அவர் மருந்து எழுதுவதற்கு முன்னால் அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார். எந்தக் காற்றில் வருகிறது, எத்தனை நேரம் நிற்கிறது, மலம் எப்படிப் போகிறது, மீன் குழம்போடு தயிர் சேர்த்துக்கொள்கிறாயா, பகலில் தூங்குகிறாயா. ஆயுர்வேதத்தில் இதற்குச் சீதபித்தம் என்று பேராம். குளிர்ந்த காற்று பட்டுக் கபமும் வாதமும் கெட்டு, பித்தத்தோடு கூடி உள்ளும் புறமும் பரவும், தோலில் குளவி கொட்டின மாதிரி வீக்கம் எழும்பும், அரிப்பும் குத்தலும் இருக்கும், வாந்தியும் காய்ச்சலும் எரிச்சலும்கூட வரும் என்று மாதவ நிதானத்தில் இருப்பதை வாசித்துக் காட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு மேலான நூல். எங்கள் கரையில் வாடையில் நின்று பார்த்தவர் எழுதின மாதிரி இருந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா கொடுத்த ஓமமும் கருப்பட்டியும் பற்றிச் சொன்னபோது, ஓமத்தை வெல்லத்தோடு சாப்பிடுவது இதற்குப் பழைய முறைதான், இஞ்சிச் சாற்றில் பழைய வெல்லம் கலந்து கொடுப்பதும் உண்டு என்றார். அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே!

அவர் கொடுத்தது ஹரித்ரா கண்டம். மஞ்சள்தான் அதில் முக்கியம், நெய், பால், சர்க்கரை, திரிகடுகு (சுக்கு, மிளகு, திப்பிலி), திரிபலா (கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்), சிவதை வேர் எல்லாம் சேரும். சர்க்கரை நிறைய இருப்பதால் நீரிழிவுக்காரர்கள் கேட்காமல் தொடக்கூடாது, சிவதை இருப்பதால் வயிறு இளகும். குளிக்கும் முன் கடுகெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றச் சொன்னார். புளிப்பும் தயிரும் குறை, ஆஸ்பத்திரி மாத்திரையை நீயாக நிறுத்தாதே, கடலில் முங்காதே என்றும் சொன்னார். ஒன்றரை மாதத்தில் தடிப்பு பாதியாகக் குறைந்தது. மாத்திரையா, மஞ்சளா, வாடை ஓய்ந்ததா, எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கீழக்கரை மருமகள்:

அக்கா, படிக்கும்போதே பதறிவிட்டது. எங்கள் வீட்டுக் கதை வேறு.

மாமா ஒரு வெள்ளிக்கிழமை சூரை மீன் வாங்கி வந்தார், ஆணம் (குழம்பு) காய்ச்சிச் சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மாமி, மச்சான், நான், மகள் நாலு பேருக்கும் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பு, தலைவலி, நெஞ்சு படபடப்பு. வாயில் மிளகைக் கடித்த மாதிரி ஒரு காரம். மாமாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை, அவர் அன்றைக்கு ரசம்தான் ஊற்றிக்கொண்டார். மாமி பித்தம் என்று சொல்லி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து எல்லாருக்கும் பூசிவிட்டார், எனக்கு எரிச்சல்தான் கூடியது.

டாக்டர் சொன்னது: நாலு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் அது பெரும்பாலும் உடம்பின் அலர்ஜி இல்லை, மீனின் கோளாறு. சூரை, காணாங்கெளுத்தி, சாளை மாதிரி மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் போடாமல் வெயிலில் வைத்தால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். நம் உடம்பு அலர்ஜி வரும்போது சுரப்பதும் அதே பொருள்தான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அது போகாது, பார்வைக்கு மீன் நல்லதாகவே தெரியும். செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை கொடுத்தார், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. நான் பயந்துபோய் மகளுக்கு ஒரு வருஷம் மீனே கொடுக்காமல் இருந்தேன், பாவம் பிள்ளை. அதற்குத் தேவையே இருந்திருக்கவில்லை. மீனோடு பால் சேர்க்கக்கூடாது என்று சரகர் காலத்திலிருந்தே ஆயுர்வேதத்தில் சொல்லுவார்கள், மாமி அதைத்தான் முதலில் கேட்டார், நாங்கள் பாலும் சேர்க்கவில்லை, தயிரும் சேர்க்கவில்லை. இப்போது சூரை வாங்கினால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம்.

தொண்டி கடலோடி:

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டு வருகிற தடிப்பையும் சிலபேர் காணாக்கடி என்று சொல்லி மருந்து கேட்கிறார்கள், இரண்டும் ஒன்றில்லை. சொறி பட்டால் சாட்டையால் அடித்த மாதிரி கோடு கோடாக எழும்பும், அரிப்பைவிட எரிச்சல் அதிகம், மறைய நாள் ஆகும். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலை வைத்துத் தேய்க்காதீர்கள், ஒட்டியிருக்கிற நூலில் இருக்கும் விஷம் இன்னும் இறங்கும். கடல் தண்ணீராலேயே அலசுங்கள்.

சாயல்குடி பக்கம்:

என் அனுபவம் கசப்பானது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு எட்டு மாதம் தடிப்பு விடவில்லை. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்று கணக்காம், அதில் பாதிப்பேருக்கு மேல் காரணமே கண்டுபிடிக்க முடியாதாம். அந்த வெறுப்பில் சந்தையில் ஒருவரிடம் பரம்பரை மருந்து என்று பொடி வாங்கினேன். பேர் கிடையாது, சீட்டு கிடையாது, என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் ரகசியம் என்றார். மூன்றே நாளில் அரிப்பு போய்விட்டது, நான் அவரைத் தெய்வமாக நினைத்தேன். இரண்டு மாதத்தில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, பொடியை நிறுத்தினால் முன்னைவிடப் பத்து மடங்கு தடிப்பு. ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சந்தேகப்பட்டார்கள், திடீரென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் என்னை வெளியே கொண்டுவந்தார்கள். ஆயுர்வேதமோ சித்தாவோ, படித்த டாக்டரிடம் போங்கள், பாட்டிலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்திருக்கவேண்டும், அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் கேட்டால் காசு இல்லாமலே பார்ப்பார்கள். இன்னொன்று. என் தம்பி பிள்ளைகளுக்கு ராத்திரியில் மட்டும் விரல் இடுக்கில் அரித்தது, அதையும் பித்தம் என்று ஒரு மாதம் விட்டுவிட்டோம், கடைசியில் அது சிரங்கு. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து போட்டு, துணியெல்லாம் வெந்நீரில் அலசின பிறகுதான் நின்றது.

பாம்பன் பாசிக்காரி:

சாயல்குடி அண்ணே, இதை நீங்கள் சொன்னதற்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் தெருவிலும் அந்த மாதிரிப் பொடி ஓடுகிறது, இன்றைக்கே போய்ச் சொல்லப்போகிறேன்.

இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள், தடிப்பு வந்தால் எப்போது வீட்டு மருந்து, எப்போது ஆஸ்பத்திரி என்று. எனக்கு டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். தோலில் மட்டும் அரித்து, ஒவ்வொரு தடிப்பும் ஒருநாளைக்குள் தடம் இல்லாமல் மறைந்தால் பதற வேண்டாம். உதடு, நாக்கு வீங்கினாலோ, குரல் மாறினாலோ, மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ ஓமமும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், உடனே 108. இந்த ஒரு விஷயத்தில் அம்மா இன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், கேட்காதே என்றாலும் விடமாட்டாள்.

இந்த வருஷம் வாடை தொடங்கி இருபது நாள் ஆகிறது. தடிப்பு இரண்டு தடவைதான் வந்தது, இரண்டும் காலையில் வாசலில் நின்றபோது. நான் முங்குவதில்லை, கரையில் நின்று பாசியைப் பிரித்துக் காயப்போடுகிறேன், கூலி குறைவுதான். அம்மாவும் அண்ணியும் போகிறார்கள். அவர்கள் வருகிற நேரத்துக்கு வெந்நீர் போட்டு வைப்பது என் வேலை. தொண்டிக்காரர் சொன்னதை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன், போன மாதம் அவள் காலில் கோடு கோடாக வந்தது சொறிதான் என்கிறாள்.