பால் விலை சரிவு: சங்கத்தில் உறுப்பினராகச் சேர வழி தேவை

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம் ஒரு கிராமம். 4 கலப்பின மாடுகள், இப்போது 3 கறவையில். காலை மாலை சேர்த்து 26 லிட்டர் வருகிறது.

ஐந்து வருடமாகத் தனியார் கொள்முதல் நிலையத்தில்தான் ஊற்றுகிறோம். இரண்டு மாதத்துக்கு முன் லிட்டருக்கு 36 ரூபாய் கொடுத்தார்கள், இப்போது 28. கொழுப்பு அளவு பழையபடியேதான் இருக்கிறது, சீட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். தீவன மூட்டை விலை மட்டும் இறங்கவில்லை. ஒரு மாட்டை விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை, தலைச்சன் ஈத்து மாடு அது.

கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுபவர்களுக்கு அரசு 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்ததே, அதற்காக எங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் போனேன். புது உறுப்பினர் இப்போது சேர்ப்பதில்லை என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள், எழுதித் தரச் சொன்னால் தரவில்லை. மூன்று முறை போயாயிற்று. குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுத்தேன், ரசீது இருக்கிறது, பதில் இல்லை. அப்புறம் மாட்டுக்கான கிசான் கடன் அட்டைக்கு வங்கியில் கேட்டால், சங்கத்தில் பால் ஊற்றிய கணக்கு கொண்டுவா என்கிறார்கள். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது.

சங்கம் உறுப்பினராகச் சேர்க்க மறுத்தால், பால்வளத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் எந்தெந்த ஆவணங்களோடு முறையிட வேண்டும்? இப்படிச் செய்து சேர்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.