எலிசாவில் ஜெயித்த சீரம் செல்லில் தோற்ற கதை

கோத்தகிரியிலிருந்து:

எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். மழைக்காலம் வந்தால் லைனில் ஏதாவது ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும். எம்.எஸ்சி. புராஜெக்டுக்குக் காலரா நச்சு என்றதும் நான் கை தூக்கியது அதனால்தான். அந்த நச்சு இருப்பதை 1959-ல் கல்கத்தாவில் சம்பு நாத் டே முயல் குடலில் காட்டினார். நான் பார்த்தது சிஎச்ஓ செல்லில், அதாவது ஆய்வகத்தில் வளர்க்கும் சீன வெள்ளெலியின் சூல்பைச் செல்லில்.

நச்சைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடி உள்ள முயல் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு நச்சைக் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, செல்கள் மேல் விட வேண்டும். மறுநாள் காலை மைக்ரோஸ்கோப். நச்சு தப்பித்திருந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு ஏறி, ரோலரிலிருந்து விழும் தேயிலை மாதிரி செல் நீண்டிருக்கும். ஆன்டிபாடி அதை முடக்கியிருந்தால் பழைய உருவம் அப்படியே இருக்கும்.

என்னிடம் இரண்டு சீரம். நச்சில் ஒட்டும் ஆன்டிபாடியை அளக்கும் எலிசா சோதனையில் ஒன்று அபாரம், மற்றது சுமார். செல்லில் அந்த அபாரமானது இரண்டு நீர்த்தலுக்கு மேல் தாங்கவில்லை. சுமாரானது செல் தட்டின் கடைசிக் குழி வரை காத்தது! நச்சின் பி பகுதி குடல் செல்லின் மேலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்பு மூலக்கூறைப் பிடிக்கும். அந்த இடத்தை மறிக்கும் ஆன்டிபாடிதான் நமக்கு வேண்டும். வேறெங்கோ ஒட்டியதையும் எலிசா சேர்த்தே எண்ணிவிடும்.

டிசம்பரில் ஒரு ராத்திரி கரண்ட் போய் இன்குபேட்டர் ஆறிவிட்டது. நச்சே போடாத குழிகளிலும் செல்கள் உருண்டு கிடந்தன. சில குழிகள் நான் எதிர்பார்த்தபடியே இருந்ததால் எழுதிக்கொள்ள ஆசை வந்தது. ஒப்பிட வைத்த கன்ட்ரோல் குழியே கெட்ட பிறகு என்ன எழுதுவது? தட்டையே கொட்டிவிட்டு அழுதேன்.

கொடைக்கானலிலிருந்து:

அக்கா, நான் செய்தது ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில். அதன் வெப்பத்தில் கெடும் நச்சு காலரா நச்சுக்கு உடன்பிறப்பு மாதிரி; காலரா சீரமே அதைத் தடுத்தது. ஒரு சாம்பிள் மட்டும் செல்லில் எதுவுமே செய்யவில்லை. ‘நச்சு இல்லை’ என்று எழுதப் போனேன். “கொதிக்க வைத்து எலிக்குட்டிக்குக் கொடுத்துப் பார்த்தாயா?” என்றார் மேடம். கொடுத்தோம், பால்குடிக் குட்டியின் குடலில் நீர் கோத்துவிட்டது. அது வெப்பம் தாங்கும் நச்சு. 18, 19 அமினோ அமிலம்தான், சிஎச்ஓ செல்லின் உருவத்தை மாற்றாது.

கோத்தகிரியிலிருந்து:

தம்பி, அவ்வளவு சின்னதுக்கு உடம்பு ஆன்டிபாடி செய்யாதே, சீரம் எப்படிக் கிடைத்தது?

கொடைக்கானலிலிருந்து:

பெரிய புரதம் ஒன்றோடு இணைத்து முயலுக்குப் போட்டோம் அக்கா. முதல் முயலில் வரவில்லை, இரண்டாவதில் வந்தது. அதையும் எலிக்குட்டியில்தான் சோதித்தோம்.