இடுப்பில் சுமக்கும் கிளாக்குக்கு இலகு டிரிகர் போடலாமா?

குமரன்_ஹூஸ்டன்:
அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன்பு கிளாக் 19, ஐந்தாம் தலைமுறைக் கைத்துப்பாக்கி வாங்கினேன். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமம் இல்லாமலேயே சுமக்கலாம் என்றாலும், வகுப்புக்குப் போய் உரிமமும் எடுத்துக்கொண்டேன். பத்து கஜத்தில் சுடும்போது என் தோட்டாக்கள் எல்லாம் நடுப்புள்ளிக்குக் கீழே, இடப்பக்கமாகவே விழுகின்றன. நான் வலக்கைக்காரன். கூடச் சுடும் நண்பர், "ஆலையில் போட்டு அனுப்பிய டிரிகரை மாற்று, மூன்றரைப் பவுண்டு அழுத்தத்திலேயே விடுபடும் டிரிகர் தொகுதி போட்டால் குறி தானே நேராகும்" என்கிறார். போட்டிகளுக்கு நான் போவதில்லை. இதே துப்பாக்கியைத்தான் தினமும் சுமக்கிறேன். மாற்றலாமா?

பீனிக்ஸ்_போட்டியாளர்:
தயங்காமல் மாற்றுங்கள், குமரன். கணக்கைப் பாருங்கள். உங்கள் கிளாக் 19 தோட்டா நிரம்பியிருந்தாலும் ஒரு கிலோவை எட்டாது. அதன் டிரிகரை இழுக்க ஏறத்தாழ 5.5 பவுண்டு, அதாவது இரண்டரைக் கிலோ அழுத்தம் வேண்டும். துப்பாக்கியின் எடையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தை ஒற்றை விரலால் கொடுத்துவிட்டு, குழல் அசையக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம். ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்குக் குறைந்தபட்ச டிரிகர் எடை வெறும் 500 கிராம். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் பதக்கம் வென்றது அந்தப் பிரிவில்தான். துல்லியம் தேடுகிற எவரும் கனமான டிரிகரை விரும்பித் தேர்ந்தெடுத்ததில்லை. நான் ஐந்து ஆண்டுகளாக மாற்று டிரிகருடன்தான் சுடுகிறேன். இழுக்கும்போது டிரிகர் தட்டி நிற்கும் இடம் தெளிவாகத் தெரிகிறது, விடுபடுவது மெழுகை நறுக்கியதுபோல இருக்கிறது, அடுத்த சுடுதலுக்கு டிரிகர் மீளும் தூரமும் குறைவு.

பழைய_பயிற்றுநர்:
பீனிக்ஸ் தம்பி, காற்றுத் துப்பாக்கி அரங்கில் யாரும் உங்களைக் கொல்ல ஓடிவருவதில்லை. அந்த 500 கிராமை இங்கே கொண்டுவந்து ஒப்பிடுவது முறையல்ல.

குமரன், வலக்கைக்காரர் கீழே இடப்பக்கம் சுடுவதைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெடிக்கப்போகிறது என்று கைக்குத் தெரிந்ததும், உதைப்பை அடக்க நினைத்து வெடிப்பதற்கு முன்பே குழலைக் கீழே தள்ளிவிடுகிறது. விரலோடு மற்ற நான்கு விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. இந்தப் பழக்கம் மூன்றரைப் பவுண்டிலும் உங்களோடு வரும். ஒன்று செய்யுங்கள். நண்பரிடம் மாகஸினைக் கொடுத்து, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு மூன்று போலித் தோட்டாக்களை உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். போலித் தோட்டா வரும்போது குழல் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதன்பிறகு டிரிகரைப் பற்றிப் பேசலாம்.

மதுரைக்காரி_டெட்ராய்ட்:
பயிற்றுநர் ஐயா, உங்கள் சொல்லை மதிக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் பழக்கத்தின் தலையில் போட்டுவிடாதீர்கள். எனக்கு வயது 52. விரல் மூட்டுகளில் வாதம். ஆலை டிரிகரில் நாற்பது தோட்டா சுட்டபின் ஆள்காட்டி விரல் நடுங்கும். ஓராண்டு பழகியும் அது தீரவில்லை. ஏறத்தாழ நான்கரைப் பவுண்டுக்கு இறக்கியபிறகுதான் நூறு தோட்டா சுட்டுப் பழக முடிகிறது. பழகாத கனமான டிரிகரைவிட நாள்தோறும் பழகிய இலகுவான டிரிகர் பாதுகாப்பானது என்பது என் கை சொல்லும் பாடம்.

பழைய_பயிற்றுநர்:
அம்மா, உங்கள் நிலை வேறு. உடலுக்குப் பொருந்தாததைப் பொருத்தமாக்குவதை நான் எதிர்க்கவில்லை. நான்கரையில் நின்றீர்கள், அதுவும் சரியான முடிவு. தன் தவறைப் பணம் கொடுத்து மறைக்க நினைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

சுருள்வில்:
இயந்திரப் பொறியாளன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். "மூன்றரைப் பவுண்டு தொகுதி" என்று விற்கிறார்களே, அதன் உள்ளே எதைத் தொட்டிருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கிளாக்கின் ஸ்ட்ரைக்கர், அதாவது தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி, ஓய்வில் பாதி இழுபட்ட நிலையில் இருக்கிறது. உங்கள் விரல் மீதியை இழுத்து விடுவிக்கிறது. அந்த இழுப்பின் எடையைக் குறைக்கப் பல வழிகள் இருக்கின்றன. கனெக்டர் என்ற சிறு தகட்டின் சாய்வை மாற்றுவது ஒன்று. இதில் கெடுதல் குறைவு; கிளாக் நிறுவனமே இலகுவான கனெக்டரை நெடுங்காலமாக விற்கிறது, இப்போது ஐந்தாம் தலைமுறைக்கென்று முழு டிரிகர் தொகுதியும் விற்கிறது. இரண்டாவது வழி டிரிகர் சுருள்வில்லை மாற்றுவது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நான்காம் தலைமுறை வரையான கிளாக்குகளில் வழக்கமான டிரிகர் சுருள்வில் உங்கள் விரலுக்கு எதிராக இழுப்பதில்லை, உதவியாகவே இழுக்கிறது. அதனால் வலுவான வில் போட்டால் டிரிகர் இலகுவாகிறது!

மூன்றாவது வழிதான் என்னை அச்சுறுத்துகிறது. ஸ்ட்ரைக்கர் வில்லையே மெலிதாக்குவது. எடை குறைகிறது, கூடவே ஊசி, தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிரைமரைக் குத்தும் வேகமும் குறைகிறது. மென்மையான பிரைமர் கொண்ட தோட்டா வெடித்துவிடும். கடினமான பிரைமர் வந்தால் வெறும் "டிக்" சத்தம் மட்டும் கேட்கும். போட்டியில் அது சில நொடி இழப்பு. நள்ளிரவில் உங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, முன்னோட்டத்தைக் குறைக்கும் திருகாணிகள். டிரிகர் விடுபடும் இடத்துக்கு வருமுன் நகரும் தூரத்தை வெட்டுவதற்காக, டிரிகரைச் சற்றே பின்னுக்கு இழுத்த நிலையிலேயே நிறுத்திவைக்கிறார்கள். கிளாக்கில் மூன்று காப்புகள் உண்டு: டிரிகரின் நடுவிலுள்ள அலகு, ஊசியைத் தடுக்கும் கட்டை, கீழே விழும்போது காக்கும் தாங்கு விளிம்பு. டிரிகர் பின்னால் வர வர, பின்னிரண்டும் தங்கள் பிடியைத் தளர்த்திக்கொண்டே வருகின்றன. திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கினால், பாதி தளர்ந்த காப்புகளோடு துப்பாக்கியைச் சுமக்கிறீர்கள் என்று பொருள்.

பீனிக்ஸ்_போட்டியாளர்:
சுருள்வில் சொன்னது மட்டமாகச் செய்த தொகுதிகளுக்குப் பொருந்தும். நல்ல தொகுதிகள் ஸ்ட்ரைக்கர் வில்லைத் தொடுவதே இல்லை. ஆலைப் பொருள் என்றால் புனிதம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 2017 ஆகஸ்டில் சிக் சாவர் நிறுவனம் தன் பி320 துப்பாக்கிக்கு எதற்காக இலவச மேம்பாடு அறிவித்தது? ஆலையிலிருந்து வந்தபடியே, சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடித்தது. அதற்குத் தீர்வாகப் போட்டது என்ன தெரியுமா? எடை குறைந்த டிரிகர்!

சுருள்வில்:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் இரண்டு எடைகளைக் குழப்பிவிட்டீர்கள். அங்கே குறைத்தது டிரிகர் என்ற உறுப்பின் சொந்த எடையை. துப்பாக்கி தரையில் மோதி நின்றுவிடுகிறது, கனமான டிரிகர் மட்டும் தன் உந்தத்தால் பின்னோக்கி நகர்கிறது, யாரோ விரலால் இழுத்ததுபோல. பி320 டிரிகரில் கிளாக்கில் உள்ளதுபோன்ற நடு அலகு இல்லை. அந்த அலகின் வேலையே இத்தகைய நகர்வைத் தடுப்பதுதான். மாற்று டிரிகர் வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துப்பாக்கி காலியா என்று இருமுறை பார்த்துவிட்டு, நடு அலகைத் தொடாமல் டிரிகரின் விளிம்பை மட்டும் அழுத்துங்கள். நகரக் கூடாது. நகர்ந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி.

பழைய_பயிற்றுநர்:
இதே சோதனையை ஒரு மாணவரின் துப்பாக்கியில் செய்தேன். பளபளக்கும் அலுமினிய டிரிகர், எங்கே வாங்கினார் என்று சொல்லப்போவதில்லை. விளிம்பை அழுத்தியதும் டிரிகர் முழுதாகப் பின்னால் போனது. ஏழு மாதங்களாக அதை வயிற்றுக்கு முன்னால் உறையில் வைத்துச் சுமந்திருக்கிறார். கையில் வாங்கியபோது எனக்கு வியர்த்துவிட்டது.

சட்டம்_பயின்றவள்:
சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. தற்காப்பு என்றால் "நான் வேண்டுமென்றே சுட்டேன், சுடாவிட்டால் என் உயிர் போயிருக்கும்" என்று ஒப்புக்கொள்வது. அதை உடைப்பது அரசுத் தரப்புக்குக் கடினம். "அவர் சுட நினைக்கவே இல்லை, பதற்றத்தில் இலகுவான டிரிகர் விடுபட்டுவிட்டது" என்று கதையைத் திருப்பினால் தற்காப்பு மறைந்து கவனக்குறைவு வந்து நிற்கும். இழப்பீட்டு வழக்கிலும் அப்படித்தான். வேண்டுமென்று செய்த செயலுக்கு வீட்டுக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது, கவனக்குறைவுக்குத் தரும். எனவே உங்கள் மீது வழக்குத் தொடுப்பவருக்குக் கவனக்குறைவு என்று சொல்வதில்தான் லாபம். உங்கள் மாற்று டிரிகர் அவருக்குக் கிடைத்த பரிசு.

நம்மில் பலர் இன்னும் பச்சை அட்டையில் இருக்கிறோம். துப்பாக்கி தொடர்பான ஒரு தண்டனை நாடுகடத்தலுக்கே காரணமாகலாம். குடிமக்களுக்கு இல்லாத இந்தச் சுமையை நீங்கள் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும், குமரன்.

பீனிக்ஸ்_போட்டியாளர்:
அப்படியானால் பீட்டர் லியாங்கை மறந்துவிட்டீர்களா? 2014 நவம்பரில் புரூக்ளினில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இருண்ட படிக்கட்டில் அந்த நியூயார்க் காவலரின் கிளாக் வெடித்தது. தோட்டா சுவரில் பட்டுத் தெறித்து, கீழே நின்ற அக்காய் கர்லி என்ற நிரபராதியைக் கொன்றது. நியூயார்க் காவல்துறைத் துப்பாக்கியின் டிரிகர் ஏறத்தாழ 12 பவுண்டு! கனமான டிரிகர் அந்த உயிரைக் காப்பாற்றியதா? வழக்கில் லியாங்கைத்தான் காப்பாற்றியதா? ஜூரர்கள் அந்த டிரிகரைத் தாங்களே இழுத்துப் பார்த்தார்கள். இவ்வளவு கனமானது தானாக வெடித்திருக்காது என்று அதுவே அவருக்கு எதிரான சான்றானது.

2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே இரண்டு காவலர்கள் 16 முறை சுட்டார்கள். கொலை செய்துவிட்டு வந்தவன் இறந்தான், வழியில் நின்ற ஒன்பது பேரும் காயப்பட்டார்கள். அதே 12 பவுண்டு டிரிகர். கடைசியில் 2021இல் அந்தக் காவல்துறையே புதிதாகச் சேர்பவர்களுக்கு இலகுவான டிரிகர் தருவதாக அறிவித்தது.

சட்டம்_பயின்றவள்:
லியாங் வழக்கு உங்களுக்குத் துணை நிற்கவில்லை. அவர் தற்காப்பு என்று சொல்லவே இல்லை, தவறுதலாக வெடித்தது என்றுதான் சொன்னார். நீதிபதி 2016இல் குற்றத்தைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் குறைத்து, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார். ஆனால் டிரிகரின் எடை நீதிமன்றத்தில் பேசுபொருளாகும் என்பதை நீங்களே நிறுவிவிட்டீர்கள். ஆலை அளவில் இருந்தால், "உற்பத்தியாளர் நிர்ணயித்தது" என்ற ஒரே வரியில் அந்தப் பேச்சை முடிக்கலாம்.

பழைய_பயிற்றுநர்:
பீனிக்ஸ் தம்பி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 12 பவுண்டு பைத்தியக்காரத்தனம். விரலை டிரிகருக்கு வெளியே, துப்பாக்கியின் உடல்மேல் வைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தில் வில்லைக் கனமாக்கினார்கள், அதற்குத் தெருவில் நின்றவர்கள் விலை கொடுத்தார்கள். ஆனால் இறக்கியபோது எதற்கு இறக்கினார்கள்? ஐந்து பவுண்டு அளவுக்கு, மூன்றுக்கு அல்ல. உங்கள் ஐ.பி.எஸ்.சி. என்ற பன்னாட்டுத் துப்பாக்கிப் போட்டிகளிலேயே புரொடக்‌ஷன் பிரிவில் எல்லாச் சுடுதலுக்கும் மூன்று பவுண்டுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தரையை வைத்திருக்கிறார்களே! காதுக்கவசம் மாட்டி, மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும் இடத்துக்கே அந்தத் தரை.

குமரன்_ஹூஸ்டன்:
சனிக்கிழமை பயிற்றுநர் ஐயா சொன்னபடி செய்தேன். நண்பர் ஆறு போலித் தோட்டாக்களைக் கலந்து போட்டார். ஐந்து முறை குழல் தலைகுனிந்தது. ஆறாவது வந்தபோது எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால் தப்பித்தேன். நண்பரின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பிறகு அவரும் அதே சோதனையைச் செய்தார். அவருடைய மூன்றரைப் பவுண்டு டிரிகரிலும் குழல் குனிந்தது. டிரிகருக்கு ஒதுக்கிய பணத்தில் தோட்டா வாங்கிவிட்டேன். இரவில் காலித் துப்பாக்கியில் விசையிழுத்துப் பழகுகிறேன்.

பீனிக்ஸ்_போட்டியாளர்:
நல்ல முடிவு, உங்கள் கைக்கு இப்போது அதுதான் தேவை. என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆறு மாதம் கழித்து குழல் குனியாமல் நின்றபின் என் துப்பாக்கியை ஒருமுறை சுட்டுப் பாருங்கள், அப்போது மீண்டும் பேசுவோம். சுருள்வில், நீங்கள் சொன்ன விளிம்புச் சோதனையை நேற்று என் மூன்று துப்பாக்கிகளிலும் செய்தேன். இரண்டு தேறின. மூன்றாவதைப் பழைய டிரிகருக்கே மாற்றிவிட்டேன்.