ரோயிங் மெஷினில் வேகம் 2:40-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது

கேள்வி:
ரோயிங் மெஷினுக்கு (படகு வலிப்பதுபோல இழுக்கும் உடற்பயிற்சிக் கருவி) நான் புதிது. கான்செப்ட்2 மாடல். பக்கத்து லீவரை 10-ல் வைத்து, நிமிஷத்துக்கு 30 இழுப்பு வீதம் இழுக்கிறேன். அஞ்சே நிமிஷத்தில் மூச்சு வாங்குகிறது, முன்கை கல்லாக இறுகிவிடுகிறது. இவ்வளவுக்கும் திரையில் 2:40தான். அதுவும் நிலையாக நிற்பதில்லை. ஒரு இழுப்பில் 2:31, அடுத்ததில் 2:48. இந்த எண் என்னதான் சொல்கிறது? கோளாறு மெஷினிலா, என்னிடமா?

பதில் 1:
மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. இதே வேகத்தில் போனால் 500 மீட்டர் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அந்த எண். குறைந்தால் வேகம் கூடுகிறது என்று அர்த்தம். 2:30-ல் விடாமல் போனால் 2000 மீட்டருக்கு 10 நிமிஷம், 2:00 என்றால் 8 நிமிஷம்.

கொஞ்சம் ஏறி இறங்குவது சகஜம், சராசரியைப் பாருங்கள். ஆனால் 17 விநாடி வித்தியாசம் என்றால் இழுப்புகள் ஒரே மாதிரி விழவில்லை. கணக்கும் அதையே சொல்கிறது: உங்கள் வேகத்தில் 500 மீட்டருக்கு 80 இழுப்பு, அதாவது ஒரு இழுப்புக்கு ஆறேகால் மீட்டர். அதே 2:40-ஐ 20 வீதத்தில் எடுத்தால் ஒவ்வொன்றும் 9 மீட்டருக்கு மேல் போகும். நீங்கள் கையால் அவசர அவசரமாக இழுக்கிறீர்கள், கால் சும்மா இருக்கிறது.

முதலில் காலால் உதையுங்கள், கை நீண்டபடியே இருக்கட்டும். கால் நீண்டு முடியும்போது உடம்பைப் பின்னால் சாய்த்து, கடைசியில்தான் கையை மடக்க வேண்டும். திரும்பும்போது இதைத் தலைகீழாக: கை, உடம்பு, கால். கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகே முழங்கால் மடங்க வேண்டும். கைப்பிடியை முழங்காலுக்கு மேலே தூக்கித் தாண்டவேண்டி வந்தால், சீக்கிரம் மடக்குகிறீர்கள். உதைக்க எடுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு எடுத்து நிதானமாகத் திரும்புங்கள்.

பதில் 2:
அந்த லீவரையும் இறக்குங்கள், 3 முதல் 5 போதும். புதிதாக வருகிற எல்லோரும் அதை 10-க்குத் தள்ளுவார்கள்! சக்கரக் கூட்டுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதைத்தான் அது மாற்றுகிறது. 10-ல் கனத்த படகை இழுப்பதுபோல இருக்கும், அவ்வளவே. இழுப்புகளுக்கு நடுவில் சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறது என்று மானிட்டர் அளந்து அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் லீவரை ஏற்றியதற்காக நல்ல எண் கிடைக்காது. உள்ளே தூசி அடைந்திருந்தால் லீவரின் அதே 4 வேறு மெஷினில் வேறு மாதிரி இருக்கும்; மெனுவில் டிராக் ஃபேக்டரை (சக்கரம் அப்படி வேகம் குறைவதை மானிட்டர் அளந்து காட்டும் எண்) பார்த்து 110–130-க்குள் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
லீவர் 4, வீதம் 20 வைத்துப் பார்த்தேன். 2:32-ல் நிற்கிறது! முன்கை இறுக்கமும் இல்லை. அப்படியென்றால் இந்த மாசமே 2:00 வந்துவிடுமா?

பதில் 2:
கொஞ்சம் பொறுங்க. வேண்டிய சக்தி வேகத்தின் கனமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 2:30-க்குச் சுமார் 104 வாட், 2:00-க்கு 203. அரை நிமிஷம் குறைக்கக் கிட்டத்தட்ட இரட்டிப்புச் சக்தி வேண்டும். இப்போதைக்கு வாரத்தில் மூன்று நாள், 20 நிமிஷம், பேசிக்கொண்டே இழுக்க முடிகிற வேகம். 2:32-ல் பேச முடியவில்லையா? 2:40-க்கே போங்கள், வீதத்தை மட்டும் 20-ல் விட்டுவிடுங்கள்.