பாக்காவ் (கண்டல் மரம்) வேருக்குப் பக்கத்தில் கயாக் தூண்டில்: லீடர் எத்தனை பவுண்டு?

கேள்வி: தோட்டத்துத்தூண்டில் (பந்திங்)

வணக்கம். கேரித் தீவுப் பக்கம் ஆற்றுமுகத்தில் கயாக்கில் இருந்து சியாக்காப்புக்கு (கொடுவா மீன்) கெவாங் (செயற்கை மீன் இரை) வீசுகிறேன். 3000 சைஸ் ரீல், பிரெய்டு (பின்னல் லைன்) தடிமன் எண் பி.இ. 1.5, அதன் நுனியில் கெவாங்குக்கு முன் கட்டும் லீடர் 30 பவுண்டு ஃபுளோரோகார்பன், இரண்டடி நீளம். மீன் அடித்ததும் வேருக்குள் நுழைகிறது, லீடர் போய்விடுகிறது. கலிபோர்னியாக்காரர்கள் கெல்ப் பாசிக் காட்டுக்குள்ளேயே 30 பவுண்டு லீடரோடு மீனை இழுத்து எடுக்கிறார்களே, இங்கே ஏன் பத்தவில்லை? நேராக 80க்குப் போய்விடலாமா?

பதில்: கண்டல்வேர்

எண்ணை ஏற்றுவதற்கு முன் அறுந்த நுனியைப் பாருங்கள். நுனிக்கு மேல் ஒரு சாண் வரை வெள்ளையாகச் சொரசொரப்பாக இருந்தால் சிப்பியில் உரசியது. சாய்வாக, கத்தி வைத்தது போல் இருந்தால் செவுள் மூடி; சியாக்காப்புக்கு அந்த விளிம்பு சவரக்கத்திதான். பன்றிவால் போல் சுருண்டிருந்தால் லீடர் அறுபடவே இல்லை, முடிச்சு வழுக்கியிருக்கிறது. அதற்கு 80 பவுண்டு போட்டாலும் வழுக்கும்.

கெல்ப் கணக்கு இங்கே ஒத்துவராது. அது குளிர்நீர்ப் பாசி, தண்டு சதைப்பற்றானது. இறுகிய பிரெய்டு அதை அறுத்துக்கொண்டு வெளியே வரும். பாக்காவ் வேரில் ஒட்டியிருப்பது சிப்பியும் கொட்டலசும். அங்கே லைன் அறுக்காது, லைன்தான் அறுபடும்.

தோட்டத்துத்தூண்டில்

வெள்ளையாக, சொரசொரவென்றுதான் இருக்கிறது அண்ணே. டிராக் (மீன் இழுக்கும்போது லைனை விடும் ரீல் பிரேக்) கையால் இழுத்துப் பார்த்து இறுக்கியது, அளந்ததில்லை.

பதில்: கண்டல்வேர்

அப்படியானால் உரசல்தான். 50 பவுண்டு போடுங்கள். 30 பவுண்டு ஃபுளோரோ ஏறக்குறைய 0.47 மி.மீ., 50 பவுண்டு 0.62 மி.மீ. நீங்கள் காசு கொடுப்பது அந்தக் கூடுதல் தடிமனுக்கு. இழுவைப் பலத்துக்கு இல்லை. தண்ணீருக்குள் லைன் தெரியாது என்று கடையில் சொல்வதையும் இங்கே மறந்துவிடலாம். ஆற்றுமுகத் தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறம், அதில் எந்த லைன்தான் தெரியும்?

80 வேண்டாம். 9 செ.மீ. கெவாங் அந்த விறைப்பில் நீந்தாது. 50க்கே கெவாங்கை இறுக்கிக் கட்டாமல் வளைய முடிச்சில் விடுங்கள். இன்னொன்று, உங்கள் பி.இ. 1.5 சுமார் 30 பவுண்டுதான். லீடர் அதைவிட ரொம்பப் பலமாக இருந்தால் சிக்கும்போது பிரெய்டு நடுவில் அறுந்து பாதி ஸ்பூல் போகும். பி.இ. 2க்கு மாறுங்கள்.

நீளம் இரண்டடி பத்தாது. மீன் வேரைச் சுற்றினால் உரசுவது பிரெய்டு, அது சிப்பியில் பட்டவுடன் போய்விடும். ஒன்றரை மீட்டர் விடுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஓரடியை விரல் நகத்தில் உருவிப் பாருங்கள், தடங்கினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். முக்கால் மீட்டருக்குக் கீழே குறைந்தால் புது லீடர்.

பதில்: உப்புக்காற்று

எல்லோரும் லீடரையே பேசுகிறீர்கள். கயாக்கில் அறுபடுவதற்குப் பாதிக் காரணம் கயாக். கரையில் நின்றால் உடம்பு அசையாது. கயாக் மீன் பின்னாலேயே போகும். டிராக் எவ்வளவு இறுக்கினாலும் மீன் உங்களையும் சேர்த்து வேருக்குள் இழுக்கும். நீரோட்டம் வேரைத் தாண்டி வரும் பக்கத்தில் நில்லுங்கள், அப்போது ஓட்டமே உங்களை வேரிலிருந்து தள்ளிவிடும். எதிர்ப்பக்கம் நின்றால் மீனும் ஓட்டமும் சேர்ந்து உள்ளே கொண்டுபோகும். அடித்ததும் ராடைத் தூக்காதீர்கள், தாழ்த்திப் பக்கவாட்டில் வளையுங்கள். ஒரு கையால் துடுப்பைப் பின்னோக்கி ஒரு போடு போட்டால் போதும், மீன் தலை திரும்பும்.

டிராக்குக்கு லக்கேஜ் தராசு வாங்கி, ராட் வளைந்த நிலையில் 3 முதல் 4 கிலோ வையுங்கள். அதற்கு மேல் போனால் கெவாங்கின் மெல்லிய மும்முள் கொக்கி விரிந்துவிடும்.

தோட்டத்துத்தூண்டில்

பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சு எனக்குச் சரியாக வருவதில்லை. வேறு வழி?

பதில்: கண்டல்வேர்

கயாக்கில் உட்கார்ந்து யாருக்கும் சுலபமாக வராது, வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். பிரெய்டை இறுக்கமாகப் பிடித்து, லீடரை மேலும் கீழும் மாற்றி மாற்றி 20 சுற்று. ஒரு அரைமுடிச்சில் பூட்டி, எச்சில் தொட்டு, பிரெய்டு நிறம் கறுக்கும்வரை இழுங்கள். பலபேர் இங்கேதான் சோம்பல்படுகிறார்கள். கறுக்காத முடிச்சு வழுக்கும். பிறகு லீடர் வாலை ஒட்ட வெட்டி, பிரெய்டுமேல் ஆறேழு அரைமுடிச்சு. தண்ணீரில் மறுபடி கட்டவேண்டி வந்தால் டபுள் யூனி: பிரெய்டு பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 4. பலம் குறைவு, ராட் வளையத்தில் கொஞ்சம் தட்டும், ஆனால் அன்றைக்குத் தாங்கும்.

பதில்: உப்புக்காற்று

50 பவுண்டு போட்டபின் ஒன்று கவனம். வற்று நீரில் சிக்கினால் அது சட்டென்று அறாது, கயாக்கைக் குறுக்காகத் திருப்பிக் கவிழ்க்கும். லைனைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். உடனே டிராக்கைத் தளர்த்தி, சிக்கிய இடத்தைத் தாண்டிப்போய் எதிர்ப்பக்கமிருந்து இழுத்துப் பாருங்கள், வராவிட்டால் வெட்டுங்கள். கத்தி லைஃப் ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். நங்கூரமும் முன்முனையிலோ பின்முனையிலோதான், நடுப்பக்கத்தில் கட்டவே கூடாது.