தமனி அழற்சி அடங்கிய பிறகும் தொடர் ஸ்கேன் தேவையா?

மலர்விழி:
72 வயதான என் தாயாருக்குச் சென்ற ஆண்டு ஜெயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ் என்னும் தமனி அழற்சி கண்டறியப்பட்டது. தலையில் சீப்புப் பட்டாலே வலி, நான்கு வாய் சோறு மென்றதும் தாடைக் கடுப்பு என்று அது தொடங்கியது. பார்வைக்குக் கேடு வருமுன் ஸ்டீராய்டு கொடுத்துக் காப்பாற்றினார்கள். இப்போது ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வாரந்தோறும் டோசிலிசுமாப் ஊசி போடுகிறோம். இந்த ஊசி, அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-6 என்னும் புரதத்தை வேலை செய்யவிடாமல் தடுப்பதால், நோய் உள்ளே கிளம்பினாலும் அழற்சியைக் காட்டும் ரத்த அளவான சி.ஆர்.பி. ஏறாமலே இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாதபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுப்பதுதானே முறை?

வாதநோய் மருத்துவர்:
இல்லை, சகோதரி. ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் 2023 பரிந்துரைகள், நோய் அடங்கியிருப்பவருக்கு வழக்கமாக ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. நோய் திரும்பியதோ என்ற ஐயம் எழும்போது எடுக்கலாம் என்கின்றன. நெற்றிப்பொட்டுத் தமனியின் வீக்கம் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் வற்றத் தொடங்கும். அக்குள் தமனியின் தடிப்போ மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். அதைக் கண்டு அஞ்சி ஸ்டீராய்டைக் கூட்டினால் எலும்பு முறிவும் சர்க்கரையும் கண்புரையும்தான் மிஞ்சும்.

ஸ்கேன் மருத்துவர்:
அந்த வாதம் ஒற்றை ஸ்கேனுக்குப் பொருந்தும், தொடர் ஸ்கேனுக்குப் பொருந்தாது. பெர்லினில் வொல்ஃப்காங் ஷ்மிட் குழுவினர் 1997-இல் விவரித்த கறுப்பு வளையத்தை, அதாவது தமனியைச் சுற்றி அல்ட்ராசவுண்டில் தெரியும் சுவர் வீக்கத்தை, நான் திரையில் பார்த்துப் பழகியவன். கருவியை மெல்ல அழுத்தினால் நலமான நெற்றிப்பொட்டுத் தமனி திரையிலிருந்து மறைந்துவிடும். அழற்சியுள்ள சுவர் மறையாமல் நிற்கும். அக்குள் தமனியின் சுவர்த் தடிப்பு 1 மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டியிருக்கிறதா என்பதைவிட, இதே நோயாளிக்கு 1.1 வரை இறங்கிய சுவர் மறுபடி 1.5 ஆகியிருக்கிறதா என்பதே எனக்கு முக்கியம். முந்தைய அளவு கையில் இல்லாவிட்டால் அதை யார் கண்டுபிடிப்பது?

வாதநோய் மருத்துவர்:
அந்த 0.4 மில்லிமீட்டரை நான் நம்ப வேண்டுமானால் ஒரே கருவியும் ஒரே கையும் தமனியில் ஒரே இடமும் வேண்டும். என்னிடம் வரும் அறிக்கைகள் பலவற்றில் "சுவர் தடித்துள்ளது" என்ற ஒரு வரிதான் இருக்கிறது, அளவே இல்லை. அறிகுறி இல்லாதபோது தடிப்பை மட்டும் பார்த்து மருந்தை மாற்றுவது நோயாளிக்கு நன்மை தரும் என்பதற்குச் சான்றும் போதாது.

ஸ்கேன் மருத்துவர்:
அளவில்லாத அறிக்கை எங்கள் தொழிலுக்கே இழுக்கு, ஒப்புக்கொள்கிறேன். அதைத் திருத்தப் பயிற்சி கொடுக்க வேண்டுமே தவிர, ஸ்கேனையே கைவிடக் கூடாது. மருந்தை மாற்றச் சொல்லவில்லை. சுவர் தடித்தவரைச் சீக்கிரம் மறுபடி பாருங்கள் என்கிறேன்.

மலர்விழி:
மருத்துவர் ஐயா, அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கும்போது முதல் அறிகுறியே பார்வை இழப்பாக இருந்துவிட்டால்?

வாதநோய் மருத்துவர்:
அந்த அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் சிகிச்சையில் இருப்பவருக்கு நோய் திரும்பும்போது பெரும்பாலும் தலைவலியோ தோள், இடுப்பு இறுக்கமோதான் முதலில் வரும். பார்வை இழப்பு அரிது. அவற்றில் ஒன்று தோன்றினால் அன்றே ஸ்கேன் எடுங்கள். நலமாக இருக்கும் இப்போது அளவுகளுடன் ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வதை நான் மறுக்கவில்லை.

மலர்விழி:
அதை இந்த மாதமே எடுக்கிறோம். ஊசியை நிறுத்திய பிறகு நோய் திரும்புவது அரிதல்ல என்பதால், அந்தக் காலத்துக்காவது மூன்று மாதக் கணக்கை நான் விடப்போவதில்லை.