புதுப்பிப்பு: வெள்ளவத்தை வீட்டு நீச்சல் தடாக பம்புக்கு எர்த்

பம்புக்குப் பக்கத்தில் தனியாக ஓர் எர்த் ரொட் (மண்ணுக்குள் இறக்கும் உலோகக் கம்பி) அடித்தால் போதுமா என்பதுதான் முன்பு இங்கே எழுந்த கேள்வி. போதாது. அந்த ரொட்டின் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட் லைன் மோட்டார் உடலைத் தொட்டால் 4.6 அம்பியர்தான் ஓடும். 20 அம்பியர் பிரேக்கர் அசையவே அசையாது. மோட்டார் உடலில் மின்சாரம் அப்படியே நிற்கும். உயிரைக் காப்பது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச், அதாவது மின்கசிவைக் கண்டதும் லைனை வெட்டும் சுவிட்ச். பம்பின் எர்த் வயர் வீட்டு மெயின் எர்த் முனைக்கே போகவேண்டும்.

அடுத்தது பொண்டிங். பலர் இதை எர்த்திங்கோடு குழப்புகிறார்கள். ஏணி, கைபிடி, மோட்டார் உடல், உலோக பைப், கொங்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைப்பது இது. ஈரக் கையால் இரண்டைத் தொட்டாலும் இடையில் ஆபத்தான மின்னழுத்தம் வராது. பாதுகாப்புக் குழாய்க்குள் போகாத வயரென்றால் குறைந்தது 4 சதுர மில்லிமீற்றர் செம்பு. பிளாஸ்டிக் ஏணிக்கும் பிவிசி பைப்புக்கும் தேவையில்லை. இரும்புக் கம்பியை கொங்கிரீட் போட முன்னரே இணையுங்கள்; பிறகென்றால் உடைக்கத்தான் வேண்டும்.

கடற்காற்றும் குளோரினும் கிளாம்ப்பை அரித்துவிடும். வயர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், தொடுப்பு செத்திருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து நம்பாமல் தொடுப்பின் தடையை மீற்றரால் அளந்து பாருங்கள். வேகம் மாற்றும் பம்பென்றால் ஏசி (AC) என்று குறித்த வகை ட்ரிப் சுவிட்ச் வேண்டாம். தயாரிப்பாளர் சொல்லும் ஏ (A), எஃப் (F) அல்லது பி (B) வகையைப் போடுங்கள்.